களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் விண்டோஸ், அந்தப் பக்கம் லினக்ஸ்

ஈமேக்ஸா விஐயா, ஜாவாவா பைத்தானா, விண்டோஸா லினக்ஸா. மென்பொருள்காரர்களின் சண்டைகள் டீ ஆறுவதற்குள் தொடங்கி, அடுத்த மீட்டிங்குக்கு நேரமானதும் முடிந்துவிடும். இவற்றில் புகழ்பெற்றது 1992 ஜனவரியில் நடந்தது. ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம், ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸைப் பார்த்து, உன் லினக்ஸ் பிறக்கும்போதே பழசு என்கிற ரீதியில் எல்லோர் முன்னாலும் சொன்னார். கெர்னலை ஒரே கட்டியாக எழுதுவதா, துண்டு துண்டாகவா என்பது வழக்கு. எங்கள் ஆட்கள் இன்றைக்கும் அதைக் கிரிக்கெட் மேட்ச் மாதிரி விவரிப்பார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது எங்கள் ஊர் எல்லையில் நடந்தது. அதில் கெர்னலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகி இந்தப் பக்கம் வந்தன. (நாஞ்சில் நாடு என்பது இதில் முதல் இரண்டு மட்டும்தான். மொத்த மாவட்டத்தையும் அப்படிச் சொன்னால் விளவங்கோட்டுக்காரர்களுக்குக் கோபம் வரும்.) எல்லை களியக்காவிளையில். அங்கிருந்து திருவனந்தபுரம் சுமார் 30 கிலோமீட்டர். மீனும் பூவும் கல்யாணச் சம்பந்தமும் தடையில்லாமல் போய்வரும் அந்தக் கோட்டில், 2006-க்குப் பிறகு ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும் நின்றுபோனது.

கேரளத்தில் நடந்தது இது. 2001-ல் பள்ளிகளுக்கு 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் வந்தபோது பாடம் விண்டோஸை ஒட்டித்தான் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். ஒரு கம்பெனியின் பொருளைப் பள்ளிப் பாடமாக்குவது சரியா என்று ஆர்வலர்களும் ஆசிரியர் சங்கத்தினரும் கேட்க ஆரம்பித்தார்கள். புரோகிராமர்களோடு வாத்தியார்களும் சேர்ந்து போட்ட சண்டை என்பதுதான் இதில் விசேஷம். 2006-ல் அச்சுதானந்தன் அரசு வந்தபிறகு வேகம் கூடியது. 2007-ன் ஐ.டி. கொள்கை கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தந்தது. எஸ்.எஸ்.எல்.சி. ஐ.டி. செய்முறைத் தேர்வில் முதலில் எதில் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்தது, சில ஆண்டுகளில் லினக்ஸ் மட்டும் என்றானது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் தயாரித்தார்கள். பிறகு அது உபுண்டுவுக்கு மாறியது.

இந்தப் பக்கம்? நான் பிளஸ் டூ படித்தபோது கணினி அறிவியல் புத்தகத்தின் முதல் தொகுதியில் பாதிக்கு மேல் ஸ்டார் ஆஃபீஸ். லேபில் இருந்ததோ எக்ஸ்பியும் எம்எஸ் ஆஃபீஸும். ஸ்டார் ஆஃபீஸின் மெனுப் பெயர்களைத் திருக்குறள் மாதிரி மனப்பாடம் செய்தோம். ஐகானைப் பார்க்காமலே ஐந்து மதிப்பெண் வாங்கினோம்.

இங்கேயும் முயற்சி இல்லாமல் இல்லை. எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். 2007 வாக்கில் அந்த நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் மாற்றினார். அதிகாரி ஒருவரின் பிடிவாதத்தால் நடந்த காரியம் அது. அதற்குப் பின்னால் கேரளத்தைப் போல ஒரு கூட்டம் இல்லை.

அப்புறம் 2011 செப்டம்பரில் இலவச லேப்டாப். முதல் ஆண்டு மட்டும் 9 லட்சத்துக்கும் மேல் என்று அறிவிப்பு. அதில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். பாஸுக்கும் அடித்தளம் டெபியன்தான். ஆக, எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே குடும்பத்து லினக்ஸ், ஏறக்குறைய ஒரே காலத்தில், பிள்ளைகள் கைக்குப் போயிருக்கிறது.

என் சித்தி பையனுக்கு அந்த லேப்டாப் கிடைத்தது. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் நாலைந்து வரி வந்து, எது வேண்டும் என்று கேட்கும். "பாஸ்னா என்னண்ணே, ஹெட்மாஸ்டருக்கு உள்ளதா?" என்று கேட்டான். ஸ்கூலில் யாரும் சொல்லித் தரவில்லை. விண்டோஸ் பக்கமும் அரைகுறைதான், ஸ்டார்ட்டர் எடிஷனில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. ஒரே மாதத்தில் வடசேரியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனான். "ரெண்டையும் எடுத்துட்டு செவன் அல்டிமேட் போட்டுத் தாரேன் மக்கா, படம், கேம் எல்லாம் ஓடும்" என்றாராம் கடைக்காரர். போட்டும் கொடுத்துவிட்டார். அவன் வகுப்பில் பாதிப்பேர் அதையே செய்தார்கள்.

நான் முதலில் வேலைக்குப் போனது டெக்னோபார்க்கில். பக்கத்து இருக்கையில் நெய்யாற்றின்கரைக்காரன். நான் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டில்தான் டெர்மினலைத் திறந்தேன். அவனோ பள்ளியிலேயே ஜிம்ப்பில் படம் வரைந்து, ஜியோஜீப்ராவில் முக்கோணம் போட்டு, லினக்ஸில் பொதுத்தேர்வு எழுதியவன். லினக்ஸ் நல்லதா என்று அவன் ஒருநாளும் வாதாடியதில்லை. கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது எனக்கு. "அதில் என்ன இருக்கிறது, ஸ்கூல் கம்ப்யூட்டர்தானே?" என்பான்.

என் கணிப்பில் இங்கே லினக்ஸ் தோற்றதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. அந்தப் பக்கம் பாடப்புத்தகம், பயிற்சி பெற்ற ஆசிரியர், பள்ளிக்கொரு ஐ.டி. பொறுப்பாளர், பொதுத்தேர்வு என்று இத்தனை பேர் சேர்ந்து அதைத் தூக்கிப் பிடித்தார்கள். இங்கே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணினிப் பாடமே இல்லை. டூயல் பூட்டைச் சுதந்திரம் என்று பேசலாம்தான். எதை அழுத்தினால் என்ன வரும் என்று சொல்ல ஓர் ஆள் இல்லாத வீட்டில் அது வெறும் கறுப்புத் திரை.

ஆனால் கேரளத்தை அப்படியே தலையில் தூக்கிவைக்கவும் எனக்கு மனசில்லை. அங்கே கம்ப்யூட்டர் லேபில்தான் இருந்தது, மணியடித்தால் பூட்டிவிடுவார்கள். இங்கே அது வீட்டுக்கே வந்தது. குளச்சலில் வலை காயும் முற்றத்திலும் தோவாளையில் பூக்கட்டும் திண்ணையிலும் கிடந்தது. அம்மா திட்டத்திட்ட ராத்திரி ஒரு மணிவரை ஒரு பிள்ளை அதை நோண்டலாம். என் சித்தி பையன் அதே அல்டிமேட்டில் கள்ள போட்டோஷாப் பழகித்தான் கல்யாண ஆல்பம் வேலைக்குப் போனான். இன்றைக்கு அவனுக்குச் சொந்த ஸ்டூடியோ. கட்டற்ற மென்பொருள்காரர்கள் இந்தக் கதையை ரசிக்க மாட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டும் ரசிக்காது.

2018-ல் தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புப் பாடம் மாறியது. ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் விண்டோஸோடு உபுண்டுவும் வந்தது. ஓப்பன் ஆஃபீஸ் வந்தது, அடுத்த ஆண்டே பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தானும் வந்தது. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த அத்தை மகள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். உபுண்டுவின் திரை படமாக அச்சாகியிருந்தது. "லேபில் இது இருக்கா?" என்று கேட்டேன். சார் இந்த வாரம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றாள்.