வெந்நீர்க்கலம்: நீலகிரி இல்லங்களில் அதன் பழுதுகளும் பரிகாரமும்

குளியலுக்கும் துலக்கலுக்கும் வேண்டிய நீரை மின்சாரத்தாலோ எரிவாயுவாலோ சூரிய வெப்பத்தாலோ சூடாக்கித் தரும் இல்லச் சாதனம் வெந்நீர்க்கலம் எனப்படும்; மின்சாரக் கலம் குறித்த உஷ்ணநிலை வந்ததும் தானாகவே நின்று, நீர் ஆறியதும் தானாகவே மீண்டும் இயங்கும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திலும், சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரிலும், அவற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீரில் கைவைக்க இயலாத குளிர் நிலவுவதால், சமவெளியில் சௌகரியப் பொருளாகக் கருதப்படும் இச்சாதனம் இங்கே அன்றாடத் தேவையாகிவிட்டது. எனினும் இம்மலையில் கலம் கெட்டுவிட்டதென்று முறையிடப்படும் சந்தர்ப்பங்கள் பலவற்றில் குற்றம் கலத்தினுடையதன்று. குளிர்ந்த வரத்து நீரும், தாழ்ந்த மின்னழுத்தமும், பனிமூட்டத்தின் ஈரமும், மலைச்சரிவின் ஏற்றத்தாழ்வுமே அதற்குக் காரணமாகின்றன. ஆகையால் உறுப்பை மாற்றுவதற்கு முன் சூழ்நிலையைப் பரிசோதிப்பதே இங்கு முறையான வழி.

வரலாறு

1820-களில் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகையில் வீடு கட்டிக் குடியேறிய காலந்தொட்டு நெடுநாள் வரையில் இம்மலையின் வெந்நீர் விறகையே நம்பியிருந்தது. சோலைகள் அருகிய பின்னர், 1843-இல் இங்கு கொண்டுவரப்பட்ட கற்பூர மரமும், அதனோடு பரவிய சீகை மரமும் அடுப்புக்கு ஆதாரமாயின. நடுவே புகைக்குழல் செல்ல, அதைச் சுற்றி நீர் நிற்கும் செம்புப் பாய்லர், மூடியும் குழாயும் மட்டுமே உடையதாய், தானியங்கி உறுப்பு ஒன்றும் இல்லாததாய், விறகு அணைந்தால் தானும் அடங்கும் எளிய சுபாவம் கொண்டது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையமும், 1960-களில் குந்தாத் திட்டத்தின் நிலையங்களும் இயங்கத் தொடங்கி, மின்சாரம் படிப்படியாக இல்லங்களை எட்டியபோது, தெர்மோஸ்டாட்டுடன் கூடிய கீசர் பாய்லரின் இடத்தைப் பிடிக்கலாயிற்று. சூரிய வெந்நீர் அமைப்புகளும், தங்கும் இல்லங்கள் சிலவற்றில் ஸ்பா எனப்படும் வெந்நீர்த் தொட்டிகளும் பிற்காலத்தில் வந்தவை.

அமைப்பு

மின்சாரக் கலத்தில் நீர் நிற்கும் உட்கலம், அதைச் சுற்றிய வெப்பக்காப்பு, நீரில் மூழ்கிய சூடேற்றும் சுருள், உஷ்ணத்தை அளந்து மின்சாரத்தைத் துண்டித்தும் கொடுத்தும் வரும் தெர்மோஸ்டாட், அது தவறினால் காக்கும் வெப்பத்துண்டிப்பான், மிகையழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு, துருவைத் தன்மேல் ஏற்கும் மக்னீசியத் தண்டு ஆகியவை உள்ளன. புதிய கலங்களில் தெர்மோஸ்டாட்டின் பணியைத் தெர்மிஸ்டர் என்னும் உணர்வியும், ரிலே பொருத்திய மின்னணுப் பலகையும் செய்கின்றன.

நேரமும் மின்னழுத்தமும்

தண்ணீர் சூடாகவில்லை என்ற முறையீட்டை முதலில் கணக்கால் சோதிக்க வேண்டும். ஜனவரி மாதத்து உதகையில் குழாய் நீர் 12 பாகை செல்சியஸில் வருமாயின், 15 லிட்டர் கலம் அதை 60 பாகைக்கு உயர்த்த ஏறக்குறைய 0.84 யூனிட் மின்சாரம் செலவாகும். 2,000 வாட் சுருளுக்கு அது 25 நிமிஷ வேலை. 28 பாகை நீர் வரும் சமவெளி ஊரில் அதே கலத்துக்கு 17 நிமிஷமே போதும். சுருளின் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், 230 வோல்ட் 180-ஆக இறங்கும்போது 2,000 வாட் சுமார் 1,225 வாட்டாகக் குறைந்து, அந்த 25 நிமிஷம் 41 நிமிஷமாகிறது. வரிசையின் கோடியிலுள்ள எஸ்டேட் வீட்டில், எல்லோரும் ஒரே வேளையில் ஹீட்டர் போடும் விடியற்காலையில், இது அடிக்கடி காணும் நிலைமை. சுருளையே சந்தேகிக்க நேர்ந்தால், மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து மல்டிமீட்டரால் அளக்கும்போது 2,000 வாட் சுருள் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்தது. ஓம் சரியாக இருந்தும் வீட்டின் மின்கசிவுத்துண்டிப்பான் விழுந்துகொண்டே இருந்தால், சுருளின் உறையில் வெடிப்பு ஏற்பட்டு ஈரம் உள்ளே புகுந்திருக்கிறதென்று கொள்ளலாம்.

நீர்ப்பாதையின் பழுதுகள்

மலைச்சரிவில் தண்ணீர்த் தொட்டி வீட்டுக்கு வெகு மேலேயும், குழாய்கள் பல படிகளிலும் அமைவதால் இரண்டு விபரீதங்கள் நேர்கின்றன. முதலாவது மிகையழுத்தம்: 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு பார் வீதம் அழுத்தம் கூடுவதால், மேட்டிலுள்ள தொட்டி கலத்தின் தாங்குதிறனை மீறிப் பாதுகாப்பு வால்வை ஓயாமல் சொட்டவைக்கும். வால்வை அடைத்துவிடுவது பரிகாரமன்று; அழுத்தக்குறைப்பு வால்வு பொருத்துவதே பரிகாரம். இரண்டாவது, வரத்து நின்ற சமயத்தில் கீழ்ப்படியிலுள்ள குழாயைத் திறக்கும்போது, கலத்து நீர் பின்வழியே இறங்கிச் சுருள் வறண்டுபோவது. வறண்ட சுருள் சில நிமிஷங்களில் கருகிவிடும். ஒருவழி வால்வு இல்லாத வீட்டில் சுருள் ஆண்டுக்கு ஆண்டு எரிந்தால், கடைக்காரரின் சரக்கைக் குறைகூறுவதற்கு முன் இந்த வால்வைத் தேட வேண்டும். மலை நீர் பெரும்பாலும் மென்னீராகையால் சமவெளியைப் போல் உப்புப் படிவது குறைவு. ஆயினும் மழைக்காலத்து வண்டல் அடியில் தங்குவதும், அமிலச் சார்புள்ள நீரால் மக்னீசியத் தண்டு கரைவதும் கவனத்துக்குரியவை.

தானியங்கிக் கட்டுப்பாட்டின் பழுதுகள்

தெர்மிஸ்டரின் மின்தடை உஷ்ணம் ஏற ஏறக் குறையும். பரவலாக உபயோகத்திலுள்ள வகை 25 பாகையில் 10,000 ஓம் காட்டும். பனிமூட்டத்தின் ஈரம் அதன் இணைப்பில் புகுந்து மின்சாரம் கசிய வழி செய்தால் தடை குறைந்ததாகத் தோன்றவே, பலகை குளிர்ந்த நீரையும் சூடானதென்று நம்பிச் சுருளை நிறுத்திவிடும். தண்ணீர் சில்லென்றிருக்க, திரை 60 என்று காட்டுவதே இதன் அடையாளம். இணைப்பைக் கழற்றி உலர்த்தித் துடைத்தபின் காட்டும் எண் இறங்கினால் நோய் அதுவே. உணர்வியைச் சரிபார்ப்பதில் மலைநாட்டுக்குரிய எச்சரிக்கை ஒன்றுண்டு: காற்றழுத்தம் குறைவாகையால் திறந்த பாத்திரத்து நீர் உதகையில் ஏறக்குறைய 92½ பாகையிலும், குன்னூரில் 94 பாகையிலும் கொதித்துவிடும். கொதிநீரை 100 பாகையென்று கொண்டு சோதிப்பவர் நல்ல உணர்வியையும் தள்ளிவிடுவார். பனிக்கட்டி கரைந்துகொண்டிருக்கும் நீரோ எவ்வூரிலும் 0 பாகையே.

ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் பலகை கட்டளையிட்டும் மின்சாரம் நிற்காது. இடுக்கில் எறும்பு புகுந்தால் மின்சாரம் செல்லாது. கட்டளை மாறும்போது டிக்கென்ற ஓசை கேட்கிறதா என்பதையும், ஓசைக்குப் பின் சுருளின் முனையில் மின்சாரம் உண்டா என்பதையும் பிரித்தறிந்தால் பழுது பலகையிலா ரிலேயிலா என்பது விளங்கும். மரம் விழுந்து மின்சாரம் நின்றுபோகும் மழைக்காலத்தில், நேரங்குறிக்கும் கருவி தன் கடிகாரத்தை இழந்து, காலை 5 மணிக்குப் போட வேண்டிய கலத்தைப் பிற்பகலில் போடுவதுமுண்டு. கைபேசியால் ஏவப்படும் கருவிகள் வீட்டு இணையம் மீளும்வரை மௌனமாயிருக்கும். இவ்விரண்டையும் பழுதென்று கருதலாகாது.

வெந்நீர்த் தொட்டி

ஸ்பா தொட்டியில் பம்பு நீரைச் சல்லடை வழியே இழுத்து, ஹீட்டருக்குள் செலுத்தித் தொட்டிக்கே திருப்புகிறது. நீரோட்டம் போதுமானதென்று ஓட்டவிசை உறுதி கூறினாலன்றி ஹீட்டருக்கு மின்சாரம் கிடைக்காது. ஆகவே ஹீட்டர் இயங்காத தொட்டியில் முதலில் பார்க்க வேண்டியது சல்லடை. அதை எடுத்துவிட்டு ஓட்டியதும் சூடேறினால் அழுக்கே காரணம். அடுத்தது நீர்மட்டம், அதற்கடுத்தது குழாயில் அடைபட்ட காற்று, கடைசியில்தான் ஹீட்டர். 1,000 லிட்டர் நீரை 15 பாகையிலிருந்து 38 பாகைக்கு உயர்த்தச் சுமார் 27 யூனிட் வேண்டும். 3,000 வாட் ஹீட்டருக்கு வெப்ப நஷ்டமே இல்லாவிடினும் அது ஒன்பது மணி நேர வேலை. மூடி விலகிய தொட்டியில் குளிர்காற்று வெப்பத்தைக் கவர்ந்துகொண்டே போவதால் குறித்த அளவை எட்டாமலே போவதுமுண்டு. உடல் நலன் கருதி 40 பாகைக்கு மேல் நீரை உயர்த்தலாகாது.

எரிவாயுவும் சூரிய வெப்பமும்

குளிர்காலையில் சிலிண்டரினுள் திரவம் ஆவியாவது மந்தமாகையால், எரிவாயுக் கலத்தின் சுடர் தணிவது இயல்பு. பற்றவைக்கும் பாட்டரி வலுவிழப்பது மற்றொரு காரணம். சிலிண்டரை நெருப்பால் சூடாக்குவது பேரபாயம். உதகையின் காற்றில் பிராணவாயு கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்களவே உள்ளது. குளிருக்காகக் கதவும் ஜன்னலும் அடைத்த குளியலறையில் அரைகுறையாக எரியும் வாயு, நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடை வெளியிட்டு உயிரைக் கொள்ளும். எனவே எரிவாயுக் கலம் குளியலறைக்கு வெளியிலேயே இருத்தல் வேண்டும். சூரியக் கலத்தில், உறைபனி விழும் பள்ளத்து வீடுகளில் தட்டைத் தகடுகளின் குழாய்நீர் உறைந்து விரிந்து வெடிப்பதுண்டு. உறையாத் திரவம் ஓடும் தனிச்சுற்று அதைத் தடுக்கும்.

பராமரிப்பும் எல்லையும்

தென்மேற்குப் பருவமழைக்கு முன் இணைப்புகளின் ஈரக்காப்பையும், டிசம்பருக்கு முன் வால்வுகளையும் மக்னீசியத் தண்டையும் பார்த்துக்கொள்வது நன்று. சல்லடை, நீர்மட்டம், கடிகாரம், மின்னழுத்தம் ஆகியவற்றை வீட்டுக்காரரே பரிசோதிக்கலாம். உறை திறந்து செய்யும் வேலை மின்பணியாளருக்குரியது. வெப்பத்துண்டிப்பானின் சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தியபின் அது மறுபடியும் விழுமாயின், இரண்டாம் முறை அழுத்தாமல் காரணத்தைத் தேடவேண்டும். அதனைக் கம்பியால் இணைத்துக் கடந்துவிடுவோர், பழுதை நீக்காமல் காவலை மட்டும் நீக்கியவராவர்.