நீரோடு ஏறி நீரோடு இறங்கும் ஊர்கள்: அமேசான் கரையோர மக்களின் வாழ்வும் நாளையும்

அமேசான் மழைக்காடு என்றதும் பெருமரங்களும் மலைப்பாம்புகளும் வண்ணக் கிளிகளும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. அந்தக் காட்டின் நதிக்கரைகளில் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பமும் ஊரும் கோவிலுமாக வாழ்ந்து வருவதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. 2019 அக்டோபரில் உரோமையில் அமேசான் பகுதிக்கான ஆயர் மாமன்றம் நடந்தபோது, இம்மக்களின் குரல் திருஅவை முழுவதற்கும் கேட்டது. பிரேசில் நாட்டு அமசோனாஸ் மாநிலத்தில், தெஃபே என்னும் சிறு நகரைச் சுற்றியுள்ள ஆற்றங்கரை ஊர்களின் வாழ்வை இங்கே சற்று அறிந்துகொள்வோம்.

யார் இவர்கள்?

போர்த்துகீசிய மொழியில் இவர்களை 'ரிபெய்ரின்யோ' என்கிறார்கள். ஆற்றங்கரை மக்கள் என்று பொருள். இவர்களில் பலர் பூர்வகுடி மக்களும், ரப்பர் பால் எடுக்க வந்த வடகிழக்குப் பிரேசில் ஏழைகளும் கலந்த வழித்தோன்றல்கள். 1877-ல் வடகிழக்கில் தொடங்கிய கொடிய வறட்சி, பல்லாயிரம் பேரை இந்தக் காட்டுக்குத் துரத்தியது. இங்கே அவர்களுக்குக் காத்திருந்தது கடன். உப்பு, துணி, கத்தி எல்லாவற்றையும் முதலாளி கடனாகக் கொடுப்பார். எடுத்த ரப்பரை அவர் சொன்ன விலைக்கு அவரிடமே போட வேண்டும். எத்தனை ஆண்டு உழைத்தாலும் கணக்கு அடையாது. ரப்பர் வணிகம் சரிந்த பிறகும் பல குடும்பங்கள் மீனையும் மரவள்ளிக் கிழங்கையும் நம்பி ஆற்றங்கரையிலேயே தங்கிவிட்டன.

நீரே நாள்காட்டி

மனாவுஸ் மாநகரிலிருந்து தெஃபேவுக்குச் சாலை கிடையாது. பயணிகள் படகில் தூளி கட்டிப் படுத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு நாள் போகவேண்டும். அங்கிருந்து ஊர்களுக்குச் செல்லச் சிறு படகில் இன்னும் பல மணி நேரம் ஆகும்.

அமேசான் ஆற்றுக்கு இங்கே சோலிமோயிஸ் என்று பெயர். ஆண்டுதோறும் அதன் நீர்மட்டம் 10 முதல் 12 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. அதாவது மூன்று மாடி உயரம்! வெள்ளக் காலத்தில் காடே மாதக் கணக்கில் நீருக்குள் நிற்கும். ஆகவே வீடுகளை உயரமான மரக்கால்கள் மேல் கட்டுகிறார்கள். சில வீடுகள் பெரிய மரக்கட்டைகள் மேல் மிதந்து, நீரோடு ஏறி நீரோடு இறங்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும், குடும்பங்கள் கோவிலுக்குப் போவதும் தோணியில்தான்.

நீர் வடிந்தால் ஆண்டீஸ் மலையிலிருந்து வந்த வண்டல் கரையில் படிந்திருக்கும். அதில் மரவள்ளியும் தர்பூசணியும் நட்டு, அடுத்த வெள்ளம் வருமுன் அறுவடை செய்துவிட வேண்டும். நஞ்சுள்ள மரவள்ளி வகையைத் துருவி, பிழிந்து, பெரிய வாணலியில் வறுத்துச் செய்யும் மாவும், ஆற்று மீனும்தான் அன்றாட உணவு.

ஏரிகள் வெறுமையானபோது

1960களுக்குப் பின் நைலான் வலைகளும் பனிக்கட்டி ஏற்றிய பெரிய படகுகளும் நகரங்களிலிருந்து வரத் தொடங்கின. காட்டுக்குள் இருக்கும் ஏரிகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. முதலில் குறைந்தது 'பிரருகூ' என்னும் மீன். நம் ஊர் மீன்காட்சிகளில் 'அரபைமா' என்று காட்டப்படுவது இதுவே. 3 மீட்டர் நீளமும் 200 கிலோ எடையும் வரை வளரக்கூடியது. மூச்சுவிட அடிக்கடி நீருக்கு மேலே வந்தாக வேண்டும் என்பதால் ஈட்டிக்கு எளிதில் அகப்படும்.

அந்த நாள்களில் தெஃபே ஆயரின் ஆட்சிப்பகுதியில் திருஅவை வானொலி வழியாக எழுத்தறிவுப் பள்ளிகளை நடத்தி வந்தது. நம் அன்பியங்களைப் போன்ற அடித்தளக் கிறிஸ்தவ சமூகங்கள் ஊர் ஊராக உருவாயின. வேறு வேறு இடங்களில் தனித்தனியாக இருந்த குடும்பங்கள் ஒரு சிற்றாலயத்தையும் ஒரு பள்ளியையும் சுற்றி ஊராகக் கூடின. நற்செய்தியை வாசித்துப் பேசிய அதே கூட்டங்களில் ஏரிகளைப் பற்றியும் பேசினார்கள். ஏரிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: மீன் இனப்பெருக்கத்துக்கு விடப்பட்டவை, ஊரின் உணவுக்கானவை, விற்பனைக்கானவை. காவலுக்கு முறை வைத்துத் தோணியில் சென்றார்கள். நகரப் படகுகளோடு மோதல்களும் மிரட்டல்களும் இருந்தன. ஆயினும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

மக்களை வெளியேற்றாத பாதுகாப்பு

1990-ல் இப்பகுதியில் மமிராவுவா என்னும் பெரும் வெள்ளக்காடு அரசின் பாதுகாப்பின் கீழ் வந்தது. ஆனால் அப்போதைய சட்டப்படி அது மனிதர் குடியிருக்கக் கூடாத இடம். காட்டைக் காக்க வந்த சட்டம் காட்டைக் காத்தவர்களையே வெளியேற்றும் நிலை! இதனை மாற்ற, ஜோசே மார்சியோ ஐரெஸ் என்னும் விலங்கியல் அறிஞரும் அவருடன் உழைத்தோரும் முயன்றார்கள். அதன் பயனாக 1996-ல் மமிராவுவா, மக்கள் அங்கேயே வாழ்ந்து வளங்களை அளவோடு பயன்படுத்தும் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பிரேசிலில் இவ்வகையில் இதுவே முதலாவது. பரப்பு 11 இலட்சம் எக்டேருக்கும் மேல்.

பிரருகூ பிடிப்பதற்கு அமசோனாஸ் மாநிலத்தில் தடை இருந்தது. 1999-ல் மமிராவுவாவில் புதிய முறை தொடங்கியது. அனுபவமுள்ள மீனவர்கள் ஏரியில் தோணியில் நின்று, இருபது நிமிட நேரம், மூச்சுவிட மேலே வரும் மீன்களை எண்ணுகிறார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்டவற்றைத் தனியாகக் கணக்கிடுகிறார்கள். அந்தப் பெரிய மீன்களில் அதிகபட்சம் 30 விழுக்காடு மட்டுமே அந்த ஆண்டு பிடிக்க அரசு அனுமதி தருகிறது. பள்ளிப்படிப்பு அதிகமில்லாத மீனவரின் கண்ணும் காதும் நம்பத்தகுந்தவை என்பதை ஆய்வாளர்களும் சோதித்து ஏற்றுக்கொண்டார்கள்.

இம்முறை மற்ற ஆறுகளுக்கும் பரவியது. சோலிமோயிஸில் கலக்கும் ஜுருவா ஆற்றில் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. ஊர்மக்கள் காத்த ஏரிகளில் சராசரியாக 300-க்கு மேற்பட்ட பிரருகூ மீன்கள் இருந்தன. காவல் இல்லாத ஏரிகளில் பத்துகூட இல்லை. காத்த ஏரியால் ஓர் ஊருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 10,000 டாலருக்கு மேல் வருமானம் கிடைத்தது. மீன்பிடியில் பெண்களின் உழைப்புக்கும் இப்போது பங்கு கிடைக்கிறது.

இன்றைய சுமைகள்

இருந்தாலும் வாழ்வு எளிதாகிவிடவில்லை. பல ஊர்களில் தொடக்கப்பள்ளி மட்டுமே உண்டு. 2007 முதல் மனாவுஸிலிருந்து செயற்கைக்கோள் வழியாக உயர்நிலைப் பாடங்கள் ஒளிபரப்பாகின்றன. மின்சாரம் நின்றால் பாடமும் நிற்கும். பாம்பு கடித்தவருக்கும் பேறுகாலத் தாய்க்கும் மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருக்கிறது. போதைப்பொருள் கடத்துவோரும் திருட்டு மீன்பிடிப்போரும் இதே ஆறுகளில்தான் திரிகிறார்கள். 2022 ஜூனில், மேற்கே ஜவாரி பள்ளத்தாக்கில், பூர்வகுடி மக்களோடு உழைத்த புரூனோ பெரெய்ராவும் பத்திரிகையாளர் டாம் பிலிப்ஸும் கொல்லப்பட்டதை நாம் மறந்துவிட முடியாது.

இவை எல்லாவற்றையும் விடப் புதிய அச்சம் வறட்சி. 2023 செப்டம்பர் இறுதியில் தெஃபே ஏரியின் நீர் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, சில வாரங்களில் ஏறக்குறைய 200 நன்னீர் டால்பின்கள் மாண்டன. 2024 அக்டோபரில் மனாவுஸ் துறைமுகத்தில் நீர்மட்டம் 12.11 மீட்டருக்கு இறங்கியது. 1902-ல் அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து இதுவே மிகக் குறைவு. இப்படி ஆறு வற்றினால் ஊர்கள் தனித்துப் போகின்றன. சுற்றிலும் ஆறு இருந்தும் குடிநீருக்குச் சேற்றில் நடக்கிறார்கள். ஏரியில் மீன் இருந்தும் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லை. காடுகளை எரிப்பதும் உலகம் சூடாவதும் இவர்கள் செய்த குற்றமல்ல. விலையை மட்டும் இவர்கள் கொடுக்கிறார்கள்.

நற்கருணைக்கான ஏக்கமும் உண்டு. சில சமூகங்களுக்கு அருள்பணியாளர் மீண்டும் வர மாதங்களும், சில வேளை ஆண்டுகளும் ஆவதை 2019 மாமன்றத்தின் இறுதி ஏடு பதிவு செய்துள்ளது. அதுவரை ஞாயிறு செபத்தை வழிநடத்துவதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தருவதும், இறந்தோரை அடக்கம் செய்வதும் பொதுநிலையினரே; அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

நாளை யார் காவல் காப்பார்?

இந்த ஊர்களின் எதிர்காலம் இளையோரைப் பொறுத்தது. படிப்புக்கும் வேலைக்கும் நகரம் சென்றவர்களுள் பலர் அங்கே ஓரத்துச் சேரிகளில் தங்கிவிடுகிறார்கள். ஊர் காலியானால் ஏரிக்குக் காவல் இல்லை. காவல் இல்லாத ஏரி எப்படி இருக்கும் என்பதை ஜுருவா ஆற்றின் கணக்கு ஏற்கனவே காட்டிவிட்டது. நல்ல பள்ளி, மருத்துவ உதவி, சூரிய மின்சாரம், மீனுக்கு நியாய விலை ஆகியவை இருந்தால் இளையோருள் பலர் தங்குவார்கள். தங்குவதற்கும் போவதற்கும் உண்மையான உரிமை அப்போதுதான் அவர்களுக்கு இருக்கும்.

2020-ல் வெளியிட்ட 'அன்புக்குரிய அமேசான்' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், திருத்தந்தை பிரான்சிஸ் நான்கு கனவுகளைச் சொன்னார். ஏழைகளின் உரிமைக்காகப் போராடும் அமேசான் என்பதே அவற்றுள் முதலாவது. இந்த மக்கள் யாரோ வந்து மீட்பார்கள் என்று காத்திருக்கவில்லை. கூடினார்கள், வாசித்தார்கள், எண்ணினார்கள், காவல் இருந்தார்கள். நம் அன்பியக் கூட்டங்களிலும் வாசகம் முடிந்தபின் நம் ஊர்க் கண்மாயைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் பேச நேரம் ஒதுக்குகிறோமா? சிந்திப்போம். நதிக்கரையில் இன்றிரவு தோணியில் காவல் இருக்கும் நம் சகோதர சகோதரிகளுக்காக இறைவனிடம் மன்றாடுவோம்.