மத்தி மீனும் விலைச் செய்தியும்

வாணிகம் என்பது பொருளை ஓரிடத்தினின்று பிறிதோரிடத்துக்குக் கொண்டுசெல்வது மட்டுமன்று; எப்பொருள் எவ்விடத்து என்ன விலைக்குப் போகின்றது என்னும் செய்தியைக் கொண்டுசெல்வதும் அதன்பாற்படும். சேரநாட்டு முசிறியைப் பாடும் புறநானூற்றுப் பாட்டு (343) மீனுக்கு நெல் கொண்டமையைக் குறிக்கின்றது. சேரர் கடற்கரையில் மீன் வாணிகம் அத்துணைத் தொன்மை உடையது. ஆயினும் அக்கரையின் வடபகுதியில், கடலில் நிற்கும் வலைஞர் கரைதோறும் உள்ள விலையை அப்பொழுதே கேட்டறியும் வழி, கைப்பேசி வந்த பின்னரே பரவலாயிற்று. அதனால் சந்தை எங்ஙனம் மாறிற்று என்பதையும், எது எளிதில் மாறாது நின்றது என்பதையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு ஆகிய மாவட்டங்களில் மத்தி எளியோரின் அன்றாட உணவாகும். படகுகள் காலையில் கரைசேரும்; ஏலம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மீனோ நெடுநேரம் நில்லாத பொருள். ஒரு கரையை அடைந்தபின் அங்கு விலையில்லை எனக் கண்டு மற்றொரு கரைக்குச் செல்வதற்கு எரிபொருட்செலவு மிகும். செல்வதற்குள் அங்கும் ஏலம் முடிந்துபோதல் கூடும். ஆதலின் வலைஞர் பெரும்பாலும் தத்தம் ஊர்க்கரையிலேயே விற்றனர். 1997 சனவரி 14ஆம் நாள் காலையில், வடகரையில் 11 படகினர் வாங்குவோரின்றித் தம் மீனைக் கொட்டநேர்ந்தது. அதே வேளையில், 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் 27 வணிகர் மீன் கிடைக்காது திரும்பும் நிலையில் இருந்தனர். கரைகளுக்கிடையே இருந்த தடை கடலன்று, அறியாமையே என்பது இதனாற் பெறப்படும்.

கைப்பேசிப் பணி கோழிக்கோட்டில் 1997 சனவரி இறுதியிலும், கண்ணூரில் 1998இலும், காசர்கோட்டில் 2000இலும் தொடங்கிற்று. கோபுரங்கள் கடற்கரையை ஒட்டி அமைந்தமையால், கரையினின்று 20 கிலோமீட்டருக்கு மேலும் கடலில் அழைப்புக் கிடைத்தது. மூன்று மாவட்டங்களும் வெவ்வேறு காலத்தில் இவ்வசதி பெற்றமை, ஆராய்வார்க்கு ஒப்பிட்டு நோக்க நல்வாய்ப்பாயிற்று. அவ்வாறு நோக்கிய பொருளியலறிஞர் ராபர்ட் ஜென்சன் தம் முடிபுகளை 2007இல் வெளியிட்டார். கைப்பேசி வருமுன் நாள்தோறும் பிடிக்கப்பட்ட மீனில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வீணாயிற்று. வந்தபின் அவ்வீண் ஏறக்குறைய அற்றது. கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு பெரிதும் சுருங்கிற்று. வலைஞரின் ஆதாயம் நூற்றுக்கு 8 அளவு உயர, உண்போர் கொடுக்கும் விலை நூற்றுக்கு 4 அளவு தாழ்ந்தது.

விற்போர்க்கு ஆதாயமும் வாங்குவோர்க்கு மலிவும் ஒருங்கே வாய்த்தது வியப்பாகத் தோன்றலாம். முன்னர் ஒருவர்க்கும் பயன்படாது அழிந்த மீன் உண்போரைச் சேர்ந்ததே இதற்குக் காரணமாம். மிகுந்த கரையில் விற்க இயலாது நின்ற படகு, கடலிலிருந்தே விலை கேட்டுக் குறைந்த கரைக்குத் திரும்பிற்று. புதிய படகோ புதிய துறைமுகமோ இம்மாற்றத்திற்கு வேண்டப்படவில்லை.

எனினும், இதனைக் கொண்டு செய்தி ஒன்றே வலைஞரை உயர்த்திவிடும் எனத் துணிதல் பொருந்தாது. கேரளக் கரைகள் பலவற்றில், படகுக்கும் வலைக்கும் ஏலத்தரகரிடம் முன்பணம் பெற்றோர் அத்தரகர் வழியே மீனை விற்கக் கடமைப்பட்டுள்ளனர். அன்னார்க்கு அயற்கரையின் உயர்ந்த விலை தெரிந்தும் பயனில்லை. கடன் அவர்களைத் தம் கரையிலேயே நிறுத்துகின்றது. 2015இல் ஜென்னா பரெல், எலிசா ஒரெக்லியா ஆகியோர் எழுதிய கட்டுரையும், விலைச் செய்தியின் ஆற்றலை மிகைப்படுத்திக் கூறுதலை மறுத்தது.

இவ்விடத்துப் பிறிதொரு வரலாற்றையும் நினைவுகூர்தல் வேண்டும். கைப்பேசி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, திருவனந்தபுரத்தைச் சார்ந்த கரைகளில் வலைஞர் சங்கங்கள் தோன்றிக் கடனையும் முதல் விற்பனையையும் தம் கையில் ஏற்றன. அவற்றின் தென்னிந்தியக் கூட்டமைப்பு 1980இல் அமைந்தது. விலையை அறியும் வாய்ப்பைக் கைப்பேசி தந்தது. அறிந்த விலைக்கு விற்கும் உரிமையைத் தர முயன்றவை இச்சங்கங்கள். இவ்விரண்டும் ஒருங்கு அமைந்த கரையிலேதான் புதிய கருவியின் முழுப்பயன் வலைஞரைச் சேரும் என்பது எம் துணிபு. இந்நாளில் எண்முறைச் சந்தைகளின் பயனை அளக்கப் புகுவார், எத்துணைப் பேர் விலையை அறிந்தனர் என்பதோடு நில்லாது, அவருள் எத்துணைப் பேர் அவ்விலைக்கு விற்க இயன்றது என்பதையும் வினவுதல் வேண்டும்.