பின்னால் நிற்கும் கட்டடம்

1996இல் அம்மா வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்தார். அறையின் ஒரு சுவர் முழுவதும் பிள்ளைகளின் படங்கள். பாரிஸில் ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் பெரியண்ணை. ரொறன்ரோவில் சி.என். கோபுரத்தின் கீழ் தங்கச்சியின் குடும்பம். 553 மீற்றரையும் படத்துக்குள் அடக்கிவிட வேண்டுமென்று எடுத்தவர் பின்னுக்குப் பின்னுக்குப் போனதில் ஆட்கள் எறும்பளவு. சிட்னியில் கோட்டும் சூட்டுமாக மச்சான், அவனுக்குப் பின்னால் கடலோரமாக ஒபரா மாளிகை. கோட்டு இரவல் என்பதைப் பிறகுதான் சொன்னான். என்னுடைய படம் ஸ்கீவ புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் எடுத்தது. தொலைபேசியில் அம்மா கேட்டார்:

“தம்பி, எல்லாற்றை படத்திலையும் பின்னாலை ஏதோ பெரிசா நிக்குது. உன்ரை படத்திலை பனி மட்டும்தான் கிடக்கு. உங்கை ஒண்டும் இல்லையோ?”

இருபதினாயிரம் பேர் அளவில் வாழும் ஊர் இது. என்ன பதில் சொல்வது? ஒரு தேவாலயம் இருக்கிறது, குடாக்கடல் இருக்கிறது என்றேன். அம்மாவுக்கு அது போதவில்லை.

வெளிநாடு வந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் படம் எடுத்தோம். அகதி முகாமின் அறையை எவரும் அனுப்பவில்லை. கோப்பை கழுவிய உணவகத்தின் பின்வாசலை அனுப்பவில்லை. பெயர்போன ஒரு கட்டடத்தைத் தேடிப்போய், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். வந்து சேர்ந்துவிட்டோம் என்பதற்கு அந்தக் கட்டடம்தான் சாட்சி. அதைக் கட்டியவர்கள் யார் என்று அப்போது நாங்கள் கேட்கவில்லை.

மச்சானின் பின்னால் நின்ற கட்டடத்துக்கும் என் ஊர்த் தண்ணீருக்கும் உறவு இருப்பதைக் கன காலத்துக்குப் பிறகே அறிந்தேன். ஸ்கீவவின் குடா லிம்பியோர்ட்டின் ஒரு கிளை. அதே லிம்பியோர்ட்டின் கரையிலுள்ள ஓல்போர்க்கில்தான் யோர்ன் உட்சோன் வளர்ந்தார். 1918இல் பிறந்தவர். தகப்பன் அங்கே கப்பல் கட்டும் தளத்தின் இயக்குநர். வளைந்த மரச்சட்டங்கள் ஒன்றாகி ஓர் ஓடமாவதைச் சிறு வயதிலேயே பார்த்த பிள்ளை.

1950களில் சிட்னி இடித்து இடித்துக் கட்டிக்கொண்டிருந்தது. கட்டடங்கள் 150 அடிக்கு மேல் எழக்கூடாதென்று 1912இலிருந்து இருந்த விதி 1957இல் தளர்ந்தது. துறைமுகத்தருகே 26 மாடி ஏ.எம்.பி. கட்டடம் 1962இல் எழுந்தது. இப்படி வளர்ந்த நகரம் தனக்கொரு முகத்தையும் தேடியது. பெனெலோங் முனையில் ட்ராம் வண்டிகள் நிறுத்திய இடத்தில் ஒரு ஒபரா மாளிகை கட்ட உலகப் போட்டி வைத்தார்கள். 233 வரைவுகள் வந்தன. 1957 ஜனவரியில் வென்றவர் 38 வயது உட்சோன்.

அவர் அதுவரை சிட்னியைக் கண்ணால் கண்டதில்லை. போட்டிக்காரர்கள் அனுப்பிய கைந்நூலிலிருந்த படங்களையும் துறைமுகத்தின் கடல் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு டென்மார்க்கில் இருந்தபடியே வரைந்தார். கடலிலிருந்தும் பாலத்திலிருந்தும் மேலேயிருந்தும் பார்க்கப்படும் இடம் என்பதால், கூரையையே கட்டடத்தின் முகமாக்கினார். பிற்காலத்தில் எந்தப் பக்கத்தில் நின்று கமராவைத் தூக்கினாலும் படம் அமைந்துவிடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

1959இல் வேலை தொடங்கியது. பெரும்பகுதிப் பணம் லொத்தர் சீட்டிலிருந்து வந்தது. கூரையை எப்படிக் கட்டுவதென்பது தொடங்கும்போது எவருக்கும் தெரியாது. எல்லா ஓடுகளும் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளாக இருந்தால் ஒரே அச்சில் வார்க்கலாம் என்ற விடை 1961இல் கிடைத்தது. மேலே பதித்த சிறு ஓடுகள் 1,056,006. சுவீடனில் செய்யப்பட்டவை. மினுங்கும் வெள்ளையும் மினுங்காத மங்கிய வெள்ளையும் கலந்தவை என்பதால் வெயிலில் கண் கூசாது. காலையில் ஒரு நிறம், மாலையில் இன்னொரு நிறம். படம் பிடிப்பவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

மக்ஸ் டுபெய்ன், டேவிட் மூர் போன்ற ஒஸ்ரேலியப் புகைப்படக்காரர்கள் கட்டும் காலத்திலேயே அங்கே போனார்கள். அவர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களில் நான் விரும்புவது முடிந்த கட்டடத்தையல்ல, விலா எலும்புகளைப்போல வானத்தில் நிற்கும் கொங்கிறீற் வளைவுகளை. 10,000 வரையான தொழிலாளர் அங்கே வேலை செய்தனர். 1960 நவம்பரில் போல் ரோப்சன் வந்து சாரக்கட்டுகளின் நடுவே அவர்களுக்காகப் பாடினார். எட்டு ஆண்டுகள் சொந்த நாடு கடவுச்சீட்டை மறுத்து வைத்திருந்த மனிதர். அந்தக் காட்சியின் படச்சுருள் இருக்கிறது. ஒபரா மாளிகையில் பாடிய முதல் பெரும் பாடகர் அவர்தான், கூரை வருவதற்கு முன்பே.

1965இல் ஆட்சி மாறியது. பொது வேலை அமைச்சர் டேவிஸ் ஹியூசுக்கும் உட்சோனுக்கும் செலவு பற்றியும் உள்மண்டபங்கள் பற்றியும் இழுபறி. கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. 1966 பெப்ரவரியில் உட்சோன் விலகினார். ஆயிரம் பேரளவில் தெருவில் இறங்கி அவரைத் திருப்பி அழைக்கக் கேட்டார்கள். பயனில்லை. ஏப்ரலில் குடும்பத்துடன் ஓசைப்படாமல் நாட்டைவிட்டுப் போனார். 1973 ஒக்ரோபர் 20ஆம் திகதி எலிசபெத் மகாராணி மாளிகையைத் திறந்தபோது உட்சோன் அங்கே இல்லை. பேச்சுகளில் அவருடைய பெயரும் இல்லை. 70 இலட்சம் டொலர் என்று கணக்கிட்ட வேலை 10 கோடியே 20 இலட்சத்தில் முடிந்தது.

அவர் திரும்பிப் போகவேயில்லை. 1999இல் சமரசமாகி, புதுப்பிக்கும் வேலைக்கு அவரிடமே ஆலோசனை கேட்டார்கள். 2004இல் ஒரு மண்டபத்துக்கு அவர் பெயரையும் வைத்தார்கள். பயணத்துக்கு வயது இடங்கொடுக்கவில்லை. மகன் யான்தான் போய்வந்தார். ஆக, படங்களைப் பார்த்து வரைந்த மனிதர் அது நிறைவேறியதையும் படங்களிலேயே பார்த்தார். 2008 நவம்பரில் காலமானார்.

அந்தப் படங்கள் அவருக்கு எதைக் காட்டியிருக்கும்? துறைமுகத்துக்கு அப்பாலிருந்து எடுக்கும் புகழ்பெற்ற படத்தில் தெரிவதெல்லாம் கூரை. அது அவருடையது. உள்ளே இருக்கும் மண்டபங்களைப் பீற்றர் ஹோலும் வேறு சிலரும் மாற்றி அமைத்தார்கள். ஒபராவுக்கென்று திட்டமிட்ட பெரிய மண்டபம் இசைக் கச்சேரிக்கு ஆனது. பொருத்தி முடிந்த மேடை இயந்திரங்கள் கழற்றி வீசப்பட்டன. ஒபரா சிறிய மண்டபத்துக்குள் ஒடுங்கியது. தபால் அட்டையில் இந்தச் சண்டையின் ஒரு கீறலும் இல்லை. ஹோலைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மற்றவன் தொடங்கியதை முடித்துவைக்கிறவனை எந்த ஊரும் கொண்டாடுவதில்லை.

எங்களிடமும் ஒரு கட்டடத்தின் படம் இருக்கிறது. ஐயாவும் சித்தப்பாவும் வெள்ளை வேட்டியோடு விறைத்துக்கொண்டு நிற்க, பின்னால் யாழ்ப்பாணப் பொது நூலகம். சென்னையைச் சேர்ந்த நரசிம்மன் வரைந்து 1959இல் திறந்த அந்தக் கட்டடம் அன்றைக்கு ஊரின் புதுமை. படம் எடுத்தவர் ஆட்களில் கவனம் வைத்ததால் மேலே குவிமாடம் பாதி வெட்டுப்பட்டுவிட்டது. 1981 ஜூன் 1ஆம் திகதிக்கு முன்பு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 97,000 வரையான நூல்களோடு அது எரிந்த பிறகு, அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் ஐயாவும் சித்தப்பாவும் கொஞ்சம் விலகி நின்றிருக்கலாமே என்று தோன்றியது. பெற்ற தகப்பனை மறைப்பாக நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கமாயிருக்கிறது. 2003இல் நூலகம் பழைய வடிவிலேயே திரும்பத் திறந்தது. இப்போது போகிற பிள்ளைகள் அதன் முன்னால் சிரித்துக்கொண்டு நின்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கிறது. எரிந்த சுவரை அப்படியே விட்டுவைக்க வேண்டுமென்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போது அவர்கள் சொன்னதும் எனக்கு விளங்குகிறது.

போன கோடையில் மகளோடு ஓல்போர்க்குக்குப் போனேன். லிம்பியோர்ட்டின் கரையில் 2008இல் திறந்த உட்சோன் நிலையம், அவர் கடைசியாக வடிவமைத்த கட்டடங்களில் ஒன்று. மகள் என்னை அதன் முன்னால் நிறுத்தித் தொலைபேசியில் படம் எடுத்தாள். கூரையும் நானும் சரியாக அடங்கியிருந்தோம். அம்மாவின் சுவர் இப்போது இல்லை. மச்சானுக்கு அனுப்பினேன். உடனேயே அழைத்தான். ஒபரா மாளிகையைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்தோம்.

“இத்தனை வருசமா அங்கை இருக்கிறாய். உள்ளுக்குப் போனனியோ மச்சான்?”

“இல்லையடா. ஊரிலையிருந்து ஆர் வந்தாலும் நான்தான் கூட்டிக்கொண்டு போறனான். அந்தக் கரையிலை நிண்டு படம் எடுத்துப்போட்டு வந்திடுவம்.”