கோப்பைக்குள் ஒரு கடல்

திருவாதவூர்க்காரர்களாகிய நமக்கு நகரம் என்றால் மதுரை. கோடையில் மதுரை என்றால் ஜிகர்தண்டா. பாரசீகத்தில் 'ஜிகர்' ஈரல். இந்தியில் 'தண்டா' குளிர்ச்சி. இப்பெயரைக் கொண்டே இப்பானத்தை முகலாயரோடும் நவாபுகளோடும் இணைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் பெயர் வந்த வழியிலேயே பொருள்களும் வந்திருக்க வேண்டும் என்பதில்லை.

சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம், கடற்பாசி ஆகியவை இதன் உறுப்புகள். கடற்பாசிக்குப் பதிலாகப் பாதாம் பிசினை இடும் கடைகளும் உண்டு. இந்தோனேசியாவில் 'எஸ் சம்பூர்' என்றொரு பண்டம் இருக்கிறது. 'கலந்த பனிக்கட்டி' என்பது அதன் பொருள். சீவிய பனிக்கட்டியோடு தேங்காய், பழங்கள், இனிப்புப் பால் ஆகியவை சேர, அங்கும் கடற்பாசிக் கூழ் இடம்பெறுகிறது. அதன் உலகப் பெயரான 'அகர் அகர்' மலாய்ச் சொல்லே.

அறிவியலுக்கும் இப்பாசி கடன் கொடுத்திருக்கிறது. ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் நுண்ணுயிர்களை வளர்க்கப் பயன்பட்ட ஜெலட்டின் வெப்பத்தில் உருகிவிட்டது. அங்குப் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, 1881இல் அகரைப் பரிந்துரைத்தார். ஜாவாவில் வாழ்ந்து வந்த டச்சுக் குடும்பத்தாரிடம் அவர் கற்ற சமையல் நுட்பம் அது. ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வரை உருகாத அகர், மதுரை வெயிலுக்கும் அசையாது.

சத்தைக் கணக்கிட்டால், புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பாலின் கொடை. அகர் பெரும்பாலும் நார்ச்சத்தே. உடலைப் பெருக்கும் ஆற்றல் சர்க்கரையிலும் பாற்கொழுப்பிலும் இருக்கிறது. ஈரல் குளிர்கிறதோ இல்லையோ, நீரிழிவுக்காரர் கோப்பையின் அளவைப் பார்ப்பது நலம்.

அகர் தரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் இராமநாதபுரக் கடலில் விளைகின்றன. பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பறிப்பவர்கள் மீனவப் பெண்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், தலைமுறையாகப் பாசி எடுத்த இடங்களில் அவர்கள் நுழைவதே குற்றமாயிற்று. பவளப்பாறைகள் காக்கப்பட வேண்டியவையே; அவற்றை நம்பிய வயிறுகளும் அப்படியே.

ஜிகர்தண்டாவின் வரலாற்றை அரண்மனைகளில் தேடும் நாம், இந்தக் கடற்கரைக்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.