கால்டுவெல்: ஒரு குடிப்பெயரின் வரலாறு

1841 முதல் நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட இராபர்ட் கால்டுவெல், 1814-இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்தினர்; குடிப்பெயரும் அவர்களோடு வந்ததே. பழைய ஆங்கிலத்தில் 'கால்டு' என்பது குளிர்ச்சி; 'வெல்' என்பது ஊற்று, ஓடை எனப் பொருள்படும். தண்ணூற்றால் பெயர்பெற்ற இடம், பின்னர்க் குடிக்கும் பெயராயிற்று. கோல்டுவெல், கால்டுவால் என்னும் வடிவங்களும் அதற்குண்டு.

அயர்லாந்தில் இப்பெயருக்கு வேறொரு பிறப்பும் உண்டு. டைரோன் பகுதியில் ஹோரிஷ் என்னும் ஐரிஷ் குடியினர் சிலர், தம் பெயரில் தண்ணீரைக் குறிக்கும் சொல் ஒலிப்பதாகக் கருதி, கால்டுவெல் என மாற்றிக்கொண்டனர். பெயர் ஒன்றாயினும் குடி ஒன்றன்று.

தமிழுக்கு வந்தபோது எழுத்துச் சிக்கல் எழுந்தது. தொல்காப்பிய நெறிப்படி லகர மெய்யை அடுத்து டகரம் வாராது; டகர மெய்யை அடுத்து வகரமும் வாராது. 'கால்ட்வெல்' இவ்விரண்டையும் மீறுகிறது. உகரம் பெற்ற 'கால்டுவெல்' ஒன்றைத் தீர்த்து, மற்றொன்றை அப்படியே விட்டது. எனினும் இதுவே நம் செவிக்கு இசைந்தது. நூலடைவு தொகுப்போர் ஒரு வடிவத்தையே கொள்ளாவிடின், ஒருவரே இருவராகிவிடுவார்.

பொருநைப் பாசனத்தில் கன்னடியன் கால், பாளையங்கால் என நீர்வழிகளுக்குக் 'கால்' என்னும் பெயர் வழங்குகிறது. ஊற்றைப் பெயரிற் கொண்டவரை இக்காலோடு உறவாக்க உள்ளம் விழையும். ஆயின் ஒலியொப்புமை மட்டும் உறவாகாது. ஒலிமாற்ற நெறியும் இலக்கண அமைப்பும் ஒத்துவர வேண்டும் என்பதே அவருடைய நூலின் அடிப்படை. அவர் வாழ்ந்த இடையன்குடியோ, அக்கால்களின் நீர் எட்டாத செம்மணல் தேரிப் பகுதியில் உள்ளது.