ராமசாமியின் மிளகுத்தண்ணி

கொடைக்கானலுக்குப் போகிற வழியில் வத்தலக்குண்டில் பஸ் நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இறங்கி ஒரு டீ குடிப்பீர்கள். மலை வளைவில் தலைசுற்றினால் முகர்ந்து பார்க்க இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வீர்கள். அவ்வளவுதான். பஸ் கிளம்பியதும் ஊர் மறந்துபோகும்.

நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு சாம்பார் என்னைத் தடுத்து நிறுத்தும் வரை!

சில வருடங்களுக்கு முன்னால் நண்பர்கள் நாலு பேர் கொடைக்கானலில் ஒரு சின்ன காட்டேஜ் எடுத்துத் தங்கினோம். ஓட்டலே வேண்டாம், நாமே சமைத்துச் சாப்பிடலாம் என்று திட்டம். வெளியே பனி, உள்ளே விறகு அடுப்பு. கேட்கவே சுகமாக இருக்கிறதல்லவா? துவரம்பருப்பைப் போட்டு ஒண்ணரை மணி நேரம் ஆகியும் பருப்பு கல்லு மாதிரி கிடக்கிறது. காட்டேஜைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். ''கீழ ஊர்ல வேகிற மாதிரி இங்க வேகாது தம்பி. வீட்டுல குக்கர் இருக்கு, கொண்டாரட்டுமா?''

விஷயம் இதுதான். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், அங்கே ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு விறகைத் திணித்தாலும் தண்ணீரின் சூடு ஏறாது. பருப்பு எப்படி வேகும்? குக்கர்தான் ஒரே வழி.

சாப்பிட்டுப் படுத்த பிறகு ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. இந்தியாவில் பிரஷர் குக்கர் பரவலாக வந்ததே 1959 வாக்கில்தான். ஆனால், கொடைக்கானலில் பங்களா கட்டி வெள்ளைக்காரர்கள் குடியேறியது 1845-ல். நடுவில் நூறு வருடத்துக்கும் மேலாக அந்தக் குளிரில், அந்த உயரத்தில், தினம் ராத்திரி சுடச்சுட சாப்பாடு போட்டது யார்?

பதிலைத் தேடினால், வந்த வழியே திரும்பி வத்தலக்குண்டுக்குத்தான் இறங்க வேண்டியிருக்கிறது!

கதையை முதலிலிருந்து பார்ப்போம். பழனி மலையை முதன்முதலாக அளந்து எழுதிய வெள்ளைக்காரர் லெப்டினென்ட் வார்டு. வருடம் 1821. அவர் போய்விட்டார். மலையில் வந்து தங்கியவர்கள் அமெரிக்கர்கள். மதுரையில் 1834-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள். (இன்றைக்கு மதுரையில் இருக்கிற அமெரிக்கன் கல்லூரி அவர்கள் போட்ட விதைதான்.) காலராவும் காய்ச்சலும் அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் வாரிக்கொண்டு போயின. எங்கேயாவது குளிர்ந்த இடத்துக்குப் போனால்தான் பிழைப்போம் என்ற நிலை. 1845-ல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டினார்கள். பெயர்கள், சன்னிசைட், ஷெல்டன். இன்றைய ஜே ஜே என்ற சுற்றுலா நகரத்துக்கு ஆரம்பம் அந்த இரண்டு வீடுகள்தான். உயிர் பிழைக்கக் கட்டிய குடில்கள்.

சரி, அங்கே எப்படிப் போவது? 1875-ல்தான் திருச்சி - மதுரை ரயில் பாதை வந்தது. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். பின்னாளில் 'கொடைக்கானல் ரோடு' என்று பெயர் மாறியது அதே ஸ்டேஷன்தான். அங்கிருந்து மாட்டு வண்டி. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாக சுமார் 33 மைல் போய், மலையடிவாரத்தில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பை அடைய வேண்டும். அப்புறம் 12 மைல் செங்குத்தான மலைப்பாதை. துரைமார் குதிரையில் போவார்கள். துரைசானியும் குழந்தைகளும் நாற்காலியில் அமர, ஆட்கள் தோளில் சுமந்துகொண்டு ஏறுவார்கள்.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். கோடை ராத்திரி. வெயிலுக்குப் பயந்து இருட்டில் ஓட்டிய வண்டிகள் வத்தலக்குண்டைக் கடந்து ஆடி அசைந்து போகின்றன. வண்டிக்குள் மெத்தை, பெட்டி, பாத்திரம். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் 1872-ல் பிறந்த ஊர் இது. 1884-ல் சுப்பிரமணிய சிவா பிறந்ததும் இதே ஊரில்தான். அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது இந்த வண்டிகளின் சலங்கைச் சத்தம் அவர்கள் காதிலும் விழுந்திருக்கும்.

ஏப்ரல் பிறந்ததும் மலைக்கு ஏறுகிற குடும்பம், இரண்டு மூன்று மாதம் அங்கேயே தங்கும். அரிசி, பருப்பு, மிளகு, புளி, தேங்காய், நெய்... சகலமும் கீழேயிருந்து மனிதர்களின் தலைச்சுமையாகத்தான் போயாக வேண்டும். கூடவே போவார், சமையல்காரர்.

இந்தச் சமையல்காரருக்கு என்னென்ன சோதனைகள் தெரியுமா?

முதல் சோதனை, நாம் ஏற்கெனவே பார்த்த பருப்பு. முந்தின ராத்திரியே ஊறவைக்க வேண்டும், கனமான மூடி போட்டு, அடுப்பைத் தணித்து, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, ரொட்டி. கீழே மதராஸ் பக்கத்தில் ரொட்டி மாவு பொங்க என்ன சேர்த்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? கள்! ஈஸ்ட் கிடைக்காத ஊரில் பனங்கள்ளும் தென்னங்கள்ளும்தான் ரொட்டியை உப்ப வைத்தன. ஆனால், ஏழாயிரம் அடியில் பனைக்கும் தென்னைக்கும் எங்கே போவது? பேக்கிங் பவுடர் டப்பா வந்து காப்பாற்றும் வரை மலை ரொட்டி பெரும்பாடுதான்.

மூன்றாவது, அடுப்படி. அந்தக் காலத்து பங்களாக்களில் சமையல்கட்டு வீட்டோடு சேர்ந்து இருக்காது. புகையும் நாற்றமும் வரக்கூடாதென்று தள்ளிக் கட்டியிருப்பார்கள். மழையிலும் பனியிலும் சூப்பை மூடி எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். மேஜைக்கு வரும்போது ஆறியிருந்தால் திட்டு யாருக்கு? சொல்லவே வேண்டாம்!

அந்த மேஜையின் ராஜா ஒரு சூப். 'மல்லிகடானி'. உலகமெங்கும் ஓட்டல் மெனுக்களில் இன்றும் இருக்கிறது. பெயரை இரண்டு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள்... மிளகுத்தண்ணி! நம்ம வீட்டு மிளகு ரசம்தான் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நிற்கிறது. வெள்ளைக்காரனுக்குச் சாப்பாட்டின் ஆரம்பத்தில் சூப் வேண்டும். நம்மிடம் சூப் கிடையாது, ரசம் உண்டு. அதில் எலும்புச் சாறைச் சேர்த்து, தேங்காய்ப்பால் விட்டுக் கெட்டியாக்கி நீட்டியதும் துரை சொக்கிப்போனார். மதராஸ் மாகாணத்து வெள்ளைக்காரர்களுக்கு மற்ற மாகாணத்தார் வைத்த பட்டப்பெயரே 'மல்ஸ்'. அதாவது, மிளகுத்தண்ணி ஆசாமிகள்!

1878-ல் மதராஸிலிருந்து ஒரு சமையல் புத்தகம் வந்தது. எழுதியவர் கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி. 'வைவர்ன்' என்பது புனைபெயர். மல்லிகடானிக்குத் தமிழ்தான் மூலம் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். கூடாரத்தில் தங்கும்போது எப்படிச் சமைப்பது என்று தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். பங்களா சமையல்கட்டுகள் எவ்வளவு கேவலமாக இருக்கின்றன என்று தன் இனத்தாரையே விளாசுகிறார். நல்ல சாப்பாடு வேண்டுமென்றால் சமையல்காரனை நண்பனாக்கிக்கொள் என்கிறார். நல்ல மனுஷன்தான், சந்தேகமில்லை.

ஆனால், அந்தப் புத்தகத்தில் வரும் சமையல்காரருக்கு என்ன பெயர் தெரியுமா? 'ராமசாமி'. எல்லா சமையல்காரரும் ராமசாமிதான்! அவர் அந்தோணியாக இருக்கலாம், முத்துக்கருப்பனாக இருக்கலாம், காதராக இருக்கலாம். துரைக்கு அத்தனை பேரும் ஒரே ராமசாமி.

எனக்கு உறுத்துவது இதுதான். கொடைக்கானலின் சரித்திரத்தில் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1863-ல் ஏரியை உருவாக்கிய கலெக்டர் லெவிஞ்ச் இருக்கிறார். நடைபாதைக்குப் பெயரான கோக்கர் இருக்கிறார். பூங்காவுக்குப் பெயரான பிரையன்ட் இருக்கிறார். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைச்சாலைக்குக்கூட மேஜர் லா என்பவரின் பெயர். தமிழ் லெக்சிகன் என்ற மாபெரும் அகராதிக்கு முதல் பதிப்பாசிரியராக இருந்த சாண்ட்லர், இதே மதுரை மிஷன்காரர். ஒரு லட்சத்துக்கும் அதிகமான தமிழ்ச் சொற்கள் அதில் ஏறின. ஆனால், அந்தப் பங்களாக்களில் நூறு வருடம் உலை வைத்தவர்களில் ஒருவருடைய பெயராவது நம் யாருக்காவது தெரியுமா?

'வீட்டுச் சாப்பாடு' என்கிறோம். யாருடைய வீடு? கோடை முழுவதும் தன் வீட்டை, மனைவி மக்களைக் கீழே வெயிலில் விட்டுவிட்டு வந்த ஒருவர், இன்னொரு குடும்பத்துக்கு ஆக்கிப்போட்டதுதான் அந்த வீட்டுச் சாப்பாடு. அவர்கள் பிழைக்க எந்தக் காலராவுக்குத் தப்பி மேலே வந்தார்களோ, அதே காலரா இருக்கிற ஊரில்தான் இவருடைய பிள்ளைகள் இருந்தார்கள். 1876 - 78 பஞ்சத்தில் தென்னாடே பட்டினியில் கிடந்தபோதும், மலைப்பாதையில் யாரோ ஒருவர் தலையில் அரிசி மூட்டை ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும். சுமந்தவர் வயிற்றில் என்ன இருந்திருக்கும்? கம்பங்கூழோ கேப்பைக்களியோ... அதுவும் கிடைத்திருந்தால்!

1870-களிலேயே பேசப்பட்டு, இழுத்துக்கொண்டே போன வத்தலக்குண்டு மலைச்சாலை ஒருவழியாக 1914-ல் முடிந்தது. இரண்டு வருடம் கழித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மோட்டார் வந்தது. தோப்புப் பாதையில் கூட்டம் குறைந்தது. நாற்காலி சுமந்த தோள்களுக்கு வேலை போனது. வத்தலக்குண்டு மலையின் வாசலானது. மேலேயிருந்து பூண்டும் உருளைக்கிழங்கும் இறங்கின, கீழேயிருந்து அரிசியும் வெற்றிலையும் ஏறின. அந்த மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பூண்டுக்குக்கூட பெயர் கிடைத்துவிட்டது பாருங்கள்!

ராமசாமிக்கு நாம் என்ன செய்ய முடியும்? அவர் கைப்பக்குவத்தை ஒருமுறை அடுப்பில் ஏற்றிப் பார்க்கலாம். அடுத்த தடவை மலைக் காட்டேஜில் தங்கும்போது முயற்சி செய்யுங்கள். நாலு பேருக்கான அளவு சொல்கிறேன்.

கால் கிலோ ஆட்டு எலும்பு அல்லது கோழி. சைவர்கள் அதை விட்டுவிட்டு ஒரு கேரட், ஒரு உருளைக்கிழங்கு சேர்த்துக்கொள்ளலாம். அரை டம்ளர் துவரம்பருப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள், ஆறு டம்ளர் தண்ணீர். எல்லாவற்றையும் குக்கரில் போட்டு, கீழே நாலு விசில் விடுவீர்கள் என்றால் மேலே ஆறேழு விசில் விடுங்கள். ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், இரண்டு ஸ்பூன் மல்லி மூன்றையும் வறுத்துப் பொடியுங்கள். நெய்யில் பத்து சின்ன வெங்காயம், ஆறு பல் மலைப்பூண்டு, ஒரு கொத்து கறிவேப்பிலை வதக்கி, பொடியைப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, வெந்த சாறை ஊற்றி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கடைசியாக ஒரு டம்ளர் தேங்காய்ப்பால். பால் ஊற்றிய பிறகு கொதிக்க விட்டீர்களானால் திரிந்துவிடும், ஜாக்கிரதை! நுரை கட்டும்போதே இறக்கி, அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம், நடுவில் ஒரு கரண்டி சோறு. பங்களாவில் இப்படித்தான் பரிமாறினார்கள்.

எலுமிச்சம்பழத்துக்கு அலைய வேண்டாம். வத்தலக்குண்டில் வாங்கிப் பையில் போட்டது இருக்குமே!

எங்களுக்குக் குக்கர் கொடுத்த பெரியவர், கிளம்புகிற அன்றைக்குக் காலையில் வெந்நீர் போட்டுக் கொடுத்து, பையையும் தூக்கி வந்து காரில் வைத்தார். மலை இறங்கி வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதுதான் நண்பன் கேட்டான்... ''ஆமா, அந்தப் பெரியவர் பேரு என்ன?''

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று நாள் அவர் கையால் காபி குடித்திருக்கிறோம். ஒருவரும் கேட்கவில்லை.

துரையை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? நீங்களாவது கேட்டுவிட்டு வாருங்கள்.